சல்லடை போட்டுச் சலித்த வீடு

நம் துப்பறியும் நாவல்களில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. போலீஸ் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தது. அடுத்த வரியில் ரத்தக்கறை படிந்த சட்டையோ டைரியோ கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்குவார், அத்தியாயம் முடியும். சல்லடை அடுப்படிச் சாமான். கேழ்வரகு மாவு சலிக்கிறவளுக்கு மேலே தங்கும் கப்பியும் வேண்டும், கீழே விழும் மாவும் வேண்டும். இரண்டையும் அவள் வீணாக்க மாட்டாள். நாவலாசிரியருக்கு மேலே தங்கிய தடயம் மட்டும் போதும். சலித்து முடித்த பிறகு அந்த வீடு எப்படிக் கிடந்தது, அதைத் திரும்ப அடுக்கியது யார் என்பது எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இந்த நாவல்களை மட்டம் தட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களால் வாசிக்கப் பழகிய தலைமுறை நாங்கள். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் எங்களுக்கு வீட்டு மனிதர்கள் மாதிரி. அவற்றில் துப்பறியும் ஆணுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெண் இருந்தாள், கெட்டிக்காரியாகவும் இருந்தாள். பெண்கள் இந்த வகையை எழுதவே இல்லை என்பதும் பொய். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதிக் குவித்தவற்றில் மர்மமும் துப்பறிதலும் கலந்த நாவல்கள் உண்டு. ஆக, இல்லாமல் போனது துப்பறிகிற பெண் அல்ல. சோதனை போடப்படுகிற வீட்டின் பெண்தான் இல்லை.

இதை யோசிக்கவைத்தது ஒரு மாணவியின் கதை. அரூர்ப் பக்கத்துப் பெண், முதுகலை இரண்டாம் ஆண்டு. வட்டிக்கு விடும் ஒருவர் புளியந்தோப்பில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். சந்தேகம் ஒரு கூலிக்காரன்மேல் விழுகிறது. அவன் ஊரில் இல்லை. வீட்டில் மனைவியும் மாமியாரும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதே வாக்கியம் வந்துவிட்டது, சல்லடை சகிதமாக.

“எத்தனை பேரும்மா வந்தாங்க?” என்று கேட்டேன்.

“நாலு பேர்னு வச்சுக்கலாங்களாம்மா?”

“எத்தனை மணிக்கு? அந்தப் பொண்ணு அப்ப எங்க நின்னா?”

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அது ஒத்தை ரூம் வீடும்மா. வெளியதான் நின்னிருப்பா.”

அந்தப் பதிலில் ஒரு சட்டப் பிரச்சினையே இருக்கிறது. அங்கே போவதற்கு முன், கிராமத்தில் ஒரு கொலை நடந்தால் காகிதங்கள் எந்த வரிசையில் பிறக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். புனைவு எழுத வரும் மாணவிகளுக்கு இது அலங்காரச் சரக்கு அல்ல. இந்த நடைமுறையின் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் ஏமாற்றக்கூடும் என்று பயந்து வைத்த விதி. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு கதை மடித்து வைத்திருக்கிறது.

தோப்பில் பிணம் கிடந்தால் பெரும்பாலும் முதலில் தகவல் போவது கிராம நிர்வாக அலுவலருக்கு. உறவினர் யாரும் முன்வராதபோது அவருடைய புகாரே முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையாகும். கொலை வழக்கு என்பதால் விசாரணையை இன்ஸ்பெக்டர் கையில் எடுப்பார். இடத்துக்கு வந்து பார்வை மகஜர் எழுதுவார், மாதிரி வரைபடம் போடுவார். ரத்தம் தோய்ந்த மண்ணும், அதே இடத்தில் ரத்தம் படாத மண்ணும் தனித்தனியாக எடுக்கப்படும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டாவது மண் வேண்டும். நம் நாவல்களில் அது வருவதே இல்லை. பிறகு பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை. பிறகு உடல் அரசு மருத்துவமனைக்குப் போகும். இவ்வளவும் நாவலில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுவதில் எனக்குப் புகார் இல்லை.

மகஜரின் மொழியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு, வடக்கே தார்ச்சாலை, தெற்கே இன்னாருடைய புஞ்சை, மேற்கே மாட்டுக் கொட்டகை என்று நான்கெல்லையில் தொடங்கும். திணை பாடம் நடத்துகிற எனக்கு இந்த நான்கெல்லை பிடிக்கும். நிலத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மனிதரைச் சொல்கிறது. ஆனால் மனிதருக்கு வரும்போது ‘மேற்படி’ என்ற சொல் வந்துவிடுகிறது. மேற்படி வீடு, மேற்படி நபர், மேற்படி பிரேதம். செத்தவர் பெண்ணாக இருந்தால் அவள் பெயர் ஒருமுறை வரும், அதன்பின் அவளும் மேற்படிதான். ‘சம்பவ இடம் பார்வையிடப்பட்டது’, ‘பொருள் கைப்பற்றப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையிலேயே முழுப் பக்கமும் போகும். யார் கதவைத் தள்ளினார், யார் பெட்டியைத் திறந்தார் என்று அந்த இலக்கணம் சொல்லாது.

அடுத்து வருவது, தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கிறவர்கள் அடையாளம் கண்டு சிரிக்கும் காட்சி. தலைமறைவாக இருந்தவன் ஒரு நாள் காலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் தானாக வந்து நிற்கிறான், நான்தான் வெட்டினேன் என்கிறான், அவர் எழுதி வாங்கிக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். காரணம் எளிது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. போலீஸ் அல்லாதவரிடம் சொன்னது ஆகலாம். முன்பின் பழக்கமில்லாத ஓர் அலுவலரிடம் ஒருவன் எதற்காகப் போய் மனதைத் திறப்பான் என்று நீதிமன்றங்களே பலமுறை கேட்டிருக்கின்றன. ஆனாலும் அந்தக் காலை திரும்பத் திரும்ப விடிகிறது.

அவன் ஒப்படைக்கப்பட்டதும் அடுத்த வாக்கியம்: என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு இதற்காகவே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவின் காப்புரையாக இருக்கிறது. போலீஸ் காவலில் சொன்னதில், ஒரு பொருளைக் கண்டெடுக்க நேரடியாக வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். மீதியைத் தள்ளிவிட வேண்டும். இதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவது புலுகூரி கோட்டய்யா வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பக்கத்துக் கிராமக் கொலை அது. ஈட்டியை இன்னார் வைக்கோல் போரில் வைத்திருக்கிறேன் என்று ஒருவன் சொன்னதில் எது செல்லும், எது செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தது. 1947இல் அச்சேறிய அந்தத் தீர்ப்பை நாவல் எழுதுகிறவர்கள் ஒருமுறை படிக்கலாம். ஒரு வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று அது அவ்வளவு கவனமாக யோசிக்கிறது.

‘மறைத்து வைத்த இடத்தைக் காட்டு’ என்ற இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் அதற்கு இன்னொரு வரலாறு இருக்கிறது.

இப்போது அந்த ஒற்றை அறை வீடு. வாரன்ட் இல்லாமல் இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டைச் சோதனை போடலாம். ஆனால் ஏன் காத்திருக்க முடியாது, எந்தப் பொருளைத் தேடுகிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். பழைய சட்டம் ‘உடனே’ என்றது, புதியது 48 மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறது. அதே ஊரைச் சேர்ந்த, சார்பற்ற, மதிப்புக்குரிய குடிமக்கள் இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இருப்பவருக்குச் சோதனை முழுவதும் உடனிருக்க உரிமை உண்டு. பட்டியலின் நகலைப் பெறும் உரிமையும் உண்டு.

‘மதிப்புக்குரிய’ என்ற சொல் வீட்டுக்காரியைக் காக்க வந்த சொல். ஊருக்குள் வந்ததும் அதற்குச் சாதி முளைக்கிறது, மீசை முளைக்கிறது. சாட்சிக்குக் கூப்பிடப்படுவது பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர், அவருடைய தலையாரி, முன்னாள் தலைவர், டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆண். ஒரு பெண்ணைக் கூப்பிடச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி வங்கியில் லட்சக்கணக்கான கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறாள். அவள் தெருவில் நடக்கும் சோதனைக்கு அவள் கையெழுத்தை எந்த நாவலாசிரியரும் கேட்டதில்லை. என் மாணவிக்குச் சொன்ன முதல் யோசனை இதுதான்: சாட்சிகளில் ஒருத்தியைப் பெண்ணாக வை, கதை என்ன ஆகிறது பார்.

பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியத்துக்கு முழுமையாக மதிப்பளித்து. பழைய 51, 100 ஆகிய பிரிவுகளில் இருந்தது, இன்றைய 49, 103இலும் இருக்கிறது. அவளிடம் எடுத்த பொருள்களின் பட்டியலை அவளுக்குத் தர வேண்டும். இன்னொரு விதி விசித்திரமானது. கைது செய்ய வேண்டிய ஆளைத் தேடிப் பூட்டிய அறைக்குள் புகும்போது, வழக்கப்படி பொதுவில் வராத பெண் அங்கே இருந்தால், வெளியேற அவளுக்கு அவகாசமும் வசதியும் தர வேண்டும். வெள்ளைக்காரன் காலச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த வாசகம் அது. அந்தப்புரம் உள்ள வீட்டை நினைத்து எழுதியது. தருமபுரியில் விடிகாலையில் பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழை பறிக்கப் போகிறவளும், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிறவளும் ‘வழக்கப்படி பொதுவில் வராத பெண்’ கணக்கில் சேர மாட்டார்கள். அவளுக்கு ஒதுங்கிக்கொள்ள உள்ளறையும் இல்லை. சட்டத்தின் கண்ணியம் உள்ளறைக்குக் குடிவந்துவிட்டது, ஒத்தை அறைக்காரி வெளியே நிற்கிறாள். மாணவி சொன்னது சரியான பதில்தான்.

அவள் வெளியே நிற்கும்போது உள்ளே எவை வெளிவருகின்றன? பரணிலிருந்து பழைய புடவை மூட்டை. டிரங்குப் பெட்டியிலிருந்து ரேஷன் கார்டு, குழு பாஸ்புக், அடகு ரசீது. புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் போட்டு வைத்த நானூறு ரூபாய். அலசிக் காயவைத்து மடித்த மாதவிலக்குத் துணி. இவற்றில் எதுவும் வழக்குக்குச் சம்பந்தமில்லை, ஆகவே மகஜரில் ஏறாது. ஆனால் ஊர் பார்த்துவிட்டது. இப்போது இந்த வரிசையில் கைபேசியும் சேர்ந்திருக்கிறது. அவள் யாரோடு எத்தனை நிமிடம் பேசினாள் என்பது கொலைக்குத் தொடர்பில்லாவிட்டாலும் அவள் குடித்தனத்துக்குத் தொடர்புள்ளதாகிவிடும். இதை எழுதுவதற்கு எந்தத் துறை அனுபவமும் தேவையில்லை. ஒரு வீட்டை அடுக்கி வாழ்ந்த அனுபவம் போதும், அது நம்மிடம் இருக்கிறது.

இரவைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் திருத்தம் சொன்னது. விதிவிலக்கு வேண்டுமென்றால் பெண் அதிகாரி எழுதிக்கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்தத் தடை கைதுக்குத்தான், சோதனைக்கு இல்லை. கதவு தட்டப்படும் நேரத்தைச் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. நாவலாசிரியரும் விட்டுவிட வேண்டியதில்லை.

இவ்வளவு விதிகளும் மீறப்பட்டால் என்ன ஆகும்? மாணவிகள் கேட்கும் நல்ல கேள்வி இது. அமெரிக்கப் படங்களைப் பார்த்தவர்கள், சட்டவிரோதமாக எடுத்த சாட்சியம் தூக்கியெறியப்படும் என்று நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. பூரண்மல் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சோதனை முறைகேடானது என்பதாலேயே, அதில் கிடைத்த சம்பந்தமுள்ள பொருளை ஒதுக்கிவிட முடியாது. அது வருமான வரிச் சோதனை பற்றிய வழக்கு. அந்தக் கொள்கை அரிவாளுக்கும் பொருந்துகிறது. அரிவாள் கிடைத்துவிட்டால், அதைத் தேடிய விதத்தை அதிகாரியின் நம்பகத்தன்மையைக் குலைக்க வக்கீல் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கண்ணியம் மீறப்பட்டது தனி விஷயமாகிவிடும். அவள் தனியாக வழக்குப் போட வேண்டும், யார்மேல் என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். துப்பறியும் நாவல் சல்லடையில் தங்கியதை மட்டும் பார்க்கிறது என்று குறை சொன்னேன். இந்த இடத்தில் நாவலும் சட்டமும் ஒரே கண்ணால்தான் பார்க்கின்றன.

தேடப்படுகிறவன் கிடைக்காவிட்டால் அவன் வீட்டுப் பெண்களை நிலையத்தில் உட்காரவைப்பது நம் கதைகளிலும் படங்களிலும் சாதாரணம். அவன் பொண்டாட்டியைத் தூக்கிட்டு வா, தன்னால வருவான் என்று சொல்லும் அதிகாரிக்குத் திரையரங்கில் கைதட்டல்கூட விழும். சட்டப்படி சாட்சி விசாரணைக்காக ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. பழைய 160, இன்றைய 179. இந்த விதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் அழுத்திப் பேசிய வழக்கு யாருடையது தெரியுமா? ஒடிசாவின் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியுடையது. அவரைக் காவல் நிலையத்துக்கு வரச்சொன்னதை நீதிபதி கிருஷ்ணய்யர் 1978இல் கண்டித்தார். முதலமைச்சராக இருந்தவர் நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற உரிமை, நிலையத்துத் திண்ணையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் உண்டு. ‘ஜெய் பீம்’ படம் 2021இல் செய்த நல்ல காரியம், ராஜாக்கண்ணுவைத் தேடி வந்தவர்கள் அவன் இல்லாதபோது அவன் வீட்டாரை என்ன செய்தார்கள் என்று காட்டியது. அங்கே சோதனை, தடயம் தேடுவதாக இல்லை. வீட்டாரை அடித்து ஆளைப் பிடிப்பதாக இருக்கிறது. தமிழ்த் திரையில் அதை வீட்டின் பக்கம் நின்று பார்த்த படங்கள் குறைவு.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு சோதனையைப் பற்றி எழுதினால் வாச்சாத்தியைச் சுற்றிப் போக முடியாது. அது கொலை வழக்கல்ல. சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று வந்த சோதனை. ஆனால் மேலே சொன்ன விதிகள் எல்லா வழக்குக்கும் பொதுவானவை. அவை இல்லாமல் போனால் சோதனை என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் திணிக்கலாம் என்பதை இந்த மாவட்டம் பார்த்தது அங்கேதான்.

சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர் 155 பேரும் போலீஸார் 108 பேரும் வருவாய்த்துறையினர் 6 பேரும், ஆக 269 பேர் பின்னாளில் குற்றம்சாட்டப்படும் அளவுக்கு ஒரு படை அந்த ஊருக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டச் சொல்லி 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் இருந்தாள். பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் இரவு வைத்திருந்தார்கள், பிறகு சேலம் சிறை. கைதான 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். ஊரில் வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் நாசமானது, ஆடு கோழிகள் அடிக்கப்பட்டன, கிணறு பாழானது.

இதில் இரண்டு விஷயங்களை இலக்கியம் படிப்பவளாக நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, அந்த 6 பேர். மகஜருக்குச் சாட்சியாக நம் ஊர்களில் கூப்பிடப்படுவது வருவாய்த்துறை ஆள்தான். சோதனை ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வேண்டிய துறையே அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏறியது, 5 பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. மதிப்புக்குரிய சாட்சி என்ற விதிக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்தப் பெண்ணியக் கோட்பாடும் எழுதியதில்லை. இன்னொன்று, நான் மனதில் வைக்கச் சொன்ன வாக்கியம். மறைத்து வைத்த இடத்தைக் காட்டு. கொலையாளி அரிவாளைக் காட்ட நடத்திச் செல்லப்படும் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் அந்தப் பெண்களை ஊர்க் கண்ணிலிருந்து பிரித்தார்கள். ஒரு நடைமுறையின் சொற்கள் இருந்தன, நடைமுறை இல்லை. சாட்சி இல்லை, பட்டியல் இல்லை, உடனிருக்கும் உரிமை இல்லை.

அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நாவல் எழுதலாம். இதுவரை யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வந்தது. பெண்கள் அடையாள அணிவகுப்பில் முகங்களைப் பார்த்து ஆட்களைக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, அவர்களில் 17 பேருக்கு வல்லுறவுக் குற்றத்துக்காக. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. தீர்ப்புக்கு முன், அந்த மார்ச் மாதத்தில், நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய் இடங்களைப் பார்த்தார். 1992இல் எழுதப்பட்டிருக்க வேண்டிய பார்வை மகஜரை 31 ஆண்டுகள் கழித்து ஒரு நீதிபதி வந்து பார்த்து முடித்தார் என்றே எனக்குப் படுகிறது.

எங்கே கூட்டினார்கள், எங்கே பிரித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், எந்த அலுவலகத்தில் இரவு கழிந்தது என்ற வரிசை நீதிமன்றத்தில் நிலைத்தது பெண்களின் வாய்மொழியால். காகிதம் எழுதாத மகஜரை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அடித்துக் கேட்டபோதும் விடவில்லை. துப்பறியும் நாவலில் நாம் கொண்டாடும் கூர்மையான கவனிப்பு அது அல்லாமல் வேறென்ன? ஷெர்லக் ஹோம்ஸுக்கு இருந்தால் மேதைமை, இவர்களுக்கு இருந்தால் வாக்குமூலம்.

நம் புனைவில் இந்தப் பக்கத்தை எழுதிய நாவல் இருக்கிறது. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, 2004இல் வந்தது. வழக்கறிஞரான அவர், வீரப்பன் தேடுதல் வேட்டையில் சோளகர்களுக்கு நேர்ந்ததை வீட்டுக்குள்ளிருந்து, உடம்புக்குள்ளிருந்து எழுதினார். பாடமாக வைத்தால் வகுப்பில் சில மாணவிகள் சில பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதையும் நான் தடுப்பதில்லை. அந்த நாவலின் அக்கறை உடம்பு, காகிதம் அல்ல. அன்று நிலையத்தில் என்ன எழுதப்பட்டது, யார் கையெழுத்துப் போட்டார் என்ற கேள்விக்கு அது நிற்பதில்லை, அதற்கு நேரமும் இல்லை. துப்பறியும் நாவலுக்கோ காகிதம் தெரியும், உடம்பு தெரியாது. நம்மிடம் இரண்டு மரபுகளும் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்றைப் பேருந்தில் படிக்கிறோம், இன்னொன்றைக் கருத்தரங்கில் பேசுகிறோம். மகஜரில் இருக்கும் பொருளுக்கும் வீட்டில் நடந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தையே மர்மமாகக் கொண்ட நாவல் இன்னும் வரவில்லை. அதில் கொலைகாரன் யார் என்பதும் தெரிய வேண்டும். வாசகியை ஏமாற்றக் கூடாது. அது இந்த வகையின் நேர்மை, அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

2024 ஜூலைக்குப் பிறகு இந்த நாவலுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் பட்டியல் எழுதுவதையும் கையெழுத்து வாங்குவதையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. கைபேசியில் எடுத்தால் நல்லது என்றும் சொல்கிறது. பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு இது முடிவு கட்டலாம். ஆனால் அந்தக் கைபேசி ஓர் ஆளின் கையில் இருக்கிறது, ஒரு திசையைப் பார்க்கிறது. அரிசிப் பானையும் மடித்த துணியும் இப்போது ஊர்க் கண்ணோடு நிற்காமல் பதிவிலும் ஏறும். பெண்ணைப் பெண் காவலர் சோதிக்கும்போது கைபேசி என்ன செய்ய வேண்டும்? பதிவு செய் என்கிறது ஒரு பிரிவு, கண்ணியம் காப்பாற்று என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருபத்து மூன்று வயதுப் பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி நிற்கிறாள்.

என் மாணவி கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறாள். சல்லடை போய்விட்டது. இப்போது மாமியார்தான் உள்ளே நிற்கிறாள், நகர மறுக்கிறாள். சாட்சிக்குக் குழுத் தலைவி வந்திருக்கிறாள், எழுதியதைப் படித்துக்காட்டினால்தான் கையெழுத்து என்கிறாள். கான்ஸ்டபிள் ஓரிடத்தில் கைபேசியைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். பதிவில் சாணி மெழுகிய தரையும், கொலுசில்லாத இரண்டு கால்களும், பேச்சுச் சத்தமும் மட்டும் இருக்கின்றன. அந்த நாற்பது வினாடியில் அரிவாள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் வழக்கில் கேள்வியாகப் போகிறது. குழுத் தலைவிக்குப் பதில் தெரியும். அவளை யார் சாட்சிக் கூண்டுக்கு அழைப்பது, அரசு வக்கீலா எதிர்த்தரப்பு வக்கீலா என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.